தகட்டைத் தொட்ட கை

குருநகர்ப் பெட்டை ஒருத்தி மீன் வெட்டின கையோடு போய்க் கொக்குவில் ஆய்வுகூடத்து மெசினைப் பழுதாக்கினாளாம். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட அம்மா ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, வடையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மெசின் பழுதாகவில்லை. மீன் வெட்டின கையும் இல்லை. அந்தப் பெட்டையின் பெயர் ஜெசிதா. அந்த மெசினில் காற்றை உறிஞ்சுகிற பம்பிகளைப் பார்க்கும் வேலை என்னுடையது. என் பெயர் உதயகலா. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இவ்வளவு நாளும் பொறுத்திருந்தேன். அது ஆறுகிற வழியாய் இல்லை.

எங்கள் ஆய்வுகூடம் கொக்குவிலில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில், உயர்ந்த மதில் கட்டிய ஒரு பழைய கல்வீட்டில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் காசு சேர்த்து நடத்துகிறார்கள். ஜெர்மனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சண்முகநாதன் என்ற விஞ்ஞானி, அங்கே கழித்துவிட்ட ஒரு மெசினைக் கப்பலில் ஏற்றி இரவலாக அனுப்பினார். பெட்டிகளைத் திறந்தபோது, குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற கடையைக் கொண்டுவந்து கொட்டியது போல இருந்தது. அதைப் பூட்டி ஓடவைத்தவர் எங்கள் பணிப்பாளர் பேராசிரியர் சுபாஸ்கரன். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. கெட்டிக்காரர் என்பதால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது.

அந்த மெசின் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஓர் உருக்குப் பாத்திரத்துக்குள் செப்புத் தகடு ஒன்று நிற்கும். அதன்மேல் ஐதரசன் அயன்களை, அதாவது மின்னேற்றம் ஏறிய அணுக்களை, வேகமாக மோதவிடுவோம். மோதிய இடத்திலிருந்து எலெக்ட்ரோன் என்கிற இலத்திரன்கள் கிளம்பி வெளியே வரும். எவ்வளவு அயன் போயிற்று, எவ்வளவு இலத்திரன் வந்தது என்று அளப்பதுதான் வேலை. அயன்களில் தனி அணுவாகப் போகிறதும் உண்டு, இரண்டு அணுக்கள் சேர்ந்து சோடியாகப் போகிற மூலக்கூற்று அயனும் உண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் போனால், சோடியாகப் போனது தனியாகப் போனதைவிட இரு மடங்கு இலத்திரனைக் கிளப்ப வேண்டும்தானே? ஜெசிதாவின் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

அப்படிக் கிளப்பாது என்று அவள் அளந்து காட்டினாள். இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றது போவதால் ஒன்றின் வேலையை மற்றது கொஞ்சம் மறைத்துவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து வலை இழுத்தால் இரண்டு பேருடைய மீனும் வரும் என்று கட்டாயமில்லை அக்கா என்று எனக்கு விளங்கும்படி சொல்வாள். உலகத்துக்கு இது புதினமில்லை. வேறு நாடுகளில் எப்போதோ அளந்திருக்கிறார்கள். ஆனால் மின்வெட்டுக்கும் ரெயில் அதிர்வுக்கும் நடுவில், இரவல் மெசினில், எங்கள் ஊரில் அளப்பதென்றால் அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை ஜெசிதாவிடம் இருந்தது.

இந்த வேலையில் எல்லாமே தகட்டின் மேற்பரப்புத்தான். ஒரு விரல் பட்டால் போதும், அதன் ஈரமும் உப்பும் ஒட்டி, வருகிற கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். ஜெசிதா கையுறைக்கு மேல் கையுறை போடுவாள். தகட்டைக் கழுவி, சூடாக்கி, வெற்றிடத்துக்குள் வைத்து, பாரமான அயன்களால் சுரண்டி எடுத்த பிறகுதான் அளக்கத் தொடங்குவாள். மின்சாரம் நின்று வெற்றிடம் போய்விட்டால் முகத்தைச் சுளிக்காமல் முதலில் இருந்து தொடங்குவாள். தங்கையின் கலியாணத்துக்குக்கூடக் கையில் மருதாணி போடவில்லை. அது நகத்துக்குள் நிற்கும் என்றாள்.

குருநகர் மீன்பிடிக்கிற ஆட்களின் ஊர். அவளுடைய அப்பா சந்தியோகு அண்ணை கடலேரியில் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறவர். அம்மா றோஸ் அவள் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். காணி பூமி என்று ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் அண்ணன் தம்பி இல்லை. ஆகப் பெரிய சொத்து, "ஜெசிதா அளந்தால் சரியாக இருக்கும்" என்று ஜெர்மனியில் இருந்து சண்முகநாதன் சொல்லும் அந்த ஒரு பேர்தான். மேற்படிப்பும் வேலையும் எல்லாம் அந்தப் பேரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அதில்தான் கை வைத்தார்கள்.

நவராத்திரி வந்தது. எங்கள் ஊரில் விசயதசமியன்று நாள் வேலை செய்வது வழக்கம். பிள்ளைக்கு ஏடு தொடக்குவார்கள், தச்சர் உளியைத் தொடுவார், கடைக்காரர் புதுக் கணக்கு எழுதுவார். எங்கள் ஆய்வுகூடத்திலும் வெள்ளைத் துணி விரித்து, சரசுவதி படம் வைத்து, பம்பிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தோம். வைத்தவளே நான்தான். இரும்புக்கு வெளியே பொட்டு வைத்தால் உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஜெசிதா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. அவளிடம், உங்களுக்கு உது இல்லைத்தானே, வீட்டில் நில்லும் என்று பணிப்பாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளும் சந்தோசமாகச் சரி என்று போய்விட்டாள்.

அப்போது பழைய தகட்டைக் கழற்றியிருந்த நேரம். புதுத் தகட்டை ஜெசிதா கழுவி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மூடிவைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அவல் கடலையைப் பகிர்ந்துகொண்டு முன் விறாந்தையில் நின்றேன். உள்ளே என்ன நடந்தது என்று நான் காணவில்லை. மதியம் போனபோது தகடு பூட்டப்பட்டிருந்தது, பம்பி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நேரத்தில் நானே தொடக்கிவிட்டேன், பிள்ளை வந்து சுரண்டினால் சரி என்றார் பணிப்பாளர். நானும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஜெசிதா வந்து அளந்தாள். இலத்திரன்கள் கொட்டிக்கொண்டு வந்தன. முன்னைய அளவைவிடப் பல மடங்கு. சோடி அயனுக்கு இரு மடங்கையும் தாண்டிப் போயிற்று. அவள் திரும்பவும் சுரண்டினாள், திரும்பவும் அளந்தாள். கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. தகடு சுத்தமில்லை சேர், கழற்றுவோம் என்றாள். பணிப்பாளருக்குக் கண் மின்னியது. கழற்ற வேண்டாம், இது ஏதோ புது விசயம் என்றார். அடுத்த கிழமை இணையத்தில், சூம் வழியாக, நன்கொடையாளர் கூட்டம் இருந்தது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்புகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். கொக்குவிலில் ஒரு கண்டுபிடிப்பு என்று அந்தக் கூட்டத்தில் அவர் அவிழ்த்துவிட்டார். ஜெசிதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த சண்முகநாதன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, இது கண்டுபிடிப்பில்லை, அழுக்கு, தகட்டை யார் கையாண்டது என்றார். அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? தான்தான் பூட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை, பார்ப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். பணிப்பாளர் சிரித்தார்.

"பிள்ளை குருநகரிலையிருந்து வாறவ. காலமை மீனை வெட்டிப்போட்டுத்தானே வெளிக்கிடுறவ. கையிலை எண்ணெய் கிண்ணெய் இருந்திருக்கும்" என்றார்.

திரையில் இருந்த சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவும் இல்லை. இப்போ யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கிற ஆட்கள்தான் எல்லோரும். சிரித்த அத்தனை பேரும் குருநகர், மீன் என்ற சொற்களின் அர்த்தம் விளங்கித்தான் சிரித்தார்கள். அன்றைக்கே, இனி ஜெசிதா பாத்திரத்தைத் தொடக்கூடாது, கணினி வேலையை மட்டும் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. அவள் அழவில்லை. தகட்டைக் கழற்ற முதல் ஒரே ஒரு தரம் அளக்க விடுங்கோ என்று மட்டும் கேட்டாள். அளந்துதான் பாருமன் என்றார் பணிப்பாளர், பெரிய மனசு பண்ணுகிற மாதிரி.

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் நான் பம்பியைப் பார்த்துக்கொண்டேன், அவள் அளந்தாள். இந்த முறை தகடு முழுவதையும் ஒரேயடியாக அளக்கவில்லை. அயன் கற்றையை நூல் போல ஒடுக்கி, தகட்டின் மேல் விளிம்பில் இருந்து கீழ் நோக்கி மெல்ல மெல்ல இறக்கினாள். இலத்திரன் எவ்வளவு வருகிறது என்று திரையில் ஒரு கோடு ஓடியது. ஏறியது, இறங்கியது. திரும்ப ஏறியது, இறங்கியது. இன்னும் ஒரு முறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான், பிறகு கீழ் விளிம்பு வரை ஏற்றமே இல்லை. அவள் கற்றையை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளித் திரும்பவும் இறக்கினாள். அதே மூன்று ஏற்றம், அதே இடங்களில். இடப்பக்கம் தள்ளினாலும் அதேதான்.

நான் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உதயாக்கா, உங்கடை நெத்தியிலை கிடக்கிறதுதான் இதிலையும் கிடக்குது" என்றாள்.

என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. மூன்று விரலால் இழுத்த மூன்று குறி. திருநீறு சாம்பல்தான். அதில் இருக்கிற சுண்ணாம்பும் காரமும் கண்ணுக்குத் தெரியாத படையாக நின்றாலே போதும், உலோகம் இலத்திரன்களை அள்ளி வீசும். பிறகு நான் பூசையில் நின்ற மற்றவர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஓம், புதுத் தகட்டைப் பணிப்பாளர் படத்துக்கு முன் வைத்துத் தன் கையால் திருநீறு பூசினார், பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துப் பூட்டினார், அதிலென்ன என்று கேட்டார்கள். அதிலென்னவா? அவருக்குத் தெரியாதா, துடைத்தால் போகாது என்று? பல்லாயிரம் மாணவருக்குப் படிப்பித்த மனிதன். தெரியும். நாள் வேலை நல்லபடி நடந்தது என்ற சந்தோசத்தில் செய்துவிட்டார், சரி. பக்தியில் செய்த பிழையை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தூக்கிக் குருநகரில் போட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜெசிதா அந்த வரைபை அடுத்த கூட்டத்தில் திரையில் போட்டாள். மெல்லிய குரலில்தான் பேசினாள்.

"மீன் எண்ணெய் பட்டிருந்தால் திட்டுத் திட்டாய்க் கிடக்கும் சேர். உப்பிடி நேராய் மூண்டு கோடு கீறாது."

சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவருக்கு விளங்கிவிட்டது. பணிப்பாளருக்கும் விளங்கியது. முகம் கறுத்துப்போனது. அந்த இடத்திலும் அவருக்கு ஒரு வழி இருந்தது. அவர் எடுத்த வழியைப் பாருங்கள். ஒரு வேதக்காரப் பிள்ளை எங்கள் திருநீற்றை அழுக்கு என்று சொல்கிறா, இதைக் கேட்டுக்கொண்டு இருக்கப் போகிறீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பற்றவைக்க அவ்வளவு போதும். லண்டன்காரர் ஒருவர் கோயில் தர்மகர்த்தா, அவர் எழும்பிவிட்டார். கனடாவில் ஒருவர் இனி ஒரு சதமும் அனுப்ப மாட்டேன் என்றார். நான் எழும்பி, நானும் திருநீறு பூசுகிறவள், அந்தப் பிள்ளை திருநீற்றைக் குறை சொல்லவில்லை, தகட்டில் கிடக்கிறதைத்தான் சொன்னது என்று சொன்னேன். பம்பி பார்க்கிறவவுக்கு உதில் என்ன கதை என்று ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும்.

திருநீற்றைக் கேவலப்படுத்தியது யார்? கண்டதைச் சொன்னவளா, தன் பொய்க்கு மேல் அதைப் பூசி மறைத்தவரா? இதை நான் இன்றைக்கும் கேட்கிறேன். கடைசியில் சண்முகநாதன் பஞ்சாயத்துக்கு வந்தார். பிள்ளை, ஒரு சொல்லில் முடிகிற விசயம், மனவருத்தம் தெரிவித்துவிடும், உமது படிப்புக்கு நான் பொறுப்பு என்றார். நல்ல மனிதன்தான். நல்ல மனிதர்கள் எப்போதும் பலவீனமான பக்கத்தைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். ஜெசிதா தன் சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

மாதங்கள் போயின. புதுத் தகடுகள் வந்தன. பணிப்பாளர் அளந்தார், டினேஸ் என்று புதிதாக வந்த பெடியன் அளந்தான். ஒரு நாள் ஒரு கணக்கு, மறுநாள் வேறொரு கணக்கு. பொறுமை இல்லாத கைக்கு மேற்பரப்பு மசியாது. வருட முடிவில் ஓர் ஒழுங்கான அளவீடு வராவிட்டால் மெசினைத் திருப்பி எடுப்பேன் என்று சண்முகநாதன் சொல்லிவிட்டார். அப்போதுதான் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, குருநகர் வீடு தெரியும்தானே, வாரும் போவோம் என்று காரில் ஏற்றினார்.

நான் மனசுக்குள் கொஞ்சம் சந்தோசப்பட்டேன். எப்படியோ சரிவரட்டும் என்று நினைத்தேன். ஜெசிதா வீட்டில் வைத்து அந்தத் தெருவின் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பிள்ளைகளை அனுப்பினாள். சந்தியோகு அண்ணை ஓடிவந்து, தோளில் கிடந்த துவாயால் கதிரையைத் துடைத்து, "இருங்கோ ஐயா" என்று வைத்துவிட்டுத் தான் நின்றார். மகளை அவமதித்தவன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்தார். எனக்கு அதைப் பார்க்க அந்தரமாக இருந்தது.

பணிப்பாளர் சுற்றி வளைக்கவில்லை.

"பிள்ளை, தகட்டிலை பூசினது நான்தான். மற்றாக்களுக்கு முன்னாலை அப்பிடிக் கதைச்சது பிழை. அடுத்த கூட்டத்திலை நானே சொல்லுறன். நாளைக்கு வாரும்" என்றார்.

ஜெசிதாவின் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். எந்தச் சொல்லுக்கும் அழாதவள் அந்த ஒரு சொல்லுக்கு அழப் பார்த்தாள். அந்த மெசினில் அவளுக்கு அவ்வளவு ஆசை. தகட்டை எப்போ கழற்றினீர்கள், இப்போ உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டாள். வாறன் சேர் என்று அவள் சொல்லியும்விட்டாள்.

சந்தியோகு அண்ணை உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். வீட்டில் இருந்ததில் நல்ல கோப்பைகள், அடியில் தட்டும் வைத்து, பக்கத்தில் மலிபன் விசுக்கோத்தும் வைத்து. நான் எடுத்துக் குடித்தேன். பணிப்பாளர் கோப்பையைப் பார்த்தார். கையை மடியில் இருந்து எடுக்கவில்லை.

"இல்லை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றார்.

காலையில் இருந்து தேத்தண்ணி குடிக்கவில்லை, தலையிடிக்குது என்று காரில் எனக்குச் சொன்ன வாய் அது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, ஜெசிதா அதைப் பார்த்துவிட்டாள். பிறகு மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்த கோப்பையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒன்றும் நடக்காதது போல, சரி ஐயா, சரி ஐயா என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அப்படிச் சொல்லிப் பழகியவர்.

ஜெசிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"தகட்டை நீங்களே துடையுங்கோ சேர்" என்றாள். "நான் வரேல்லை."